மொட்டைமாடியிலிருந்து நான் காட்டிய விளக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிறதை அப்படியே எழுது என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். "படிக்கிறவுக வெளியூர்க்காரவுகளா இருப்பாக அத்தை" என்று சொல்லி, என் பேச்சுக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துத்தான் எழுதுகிறாள். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதையாவது பேசின மாதிரியே விட்டுவிடு என்றேன். சரி என்றிருக்கிறாள். பார்ப்போம்.

சொல்ல வந்தது போன பொங்கலுக்கு நடந்த கதை. அதற்கு முன்னால் என் பேத்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவளுடைய மகள். அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கடல் தாண்டி ஏதோ ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் என் வாயில் உட்கார மாட்டேன் என்கிறது.

இதைக் கம்பம் சந்தையில் சொன்னால் லேசில் யாரும் நம்புவதில்லை. சாப்பாடு கொடுக்கிற வேலையா என்று கேட்பார்கள். இல்லை, ஓட்டுகிறவள், அதுவும் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வாத்தியார் என்பேன். காய்கறிக்காரி ஒருத்தி நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம உத்தமபாளையத்துல கார் பழக்கிவிடுறாகளே, அது மாதிரிங்க" என்றாள். அது மாதிரியேதான் என்றேன். "எட்டுப் போடச் சொல்வாகளா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பேத்தியிடம் போனில் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "எட்டும் போடச் சொல்வோம் அப்பத்தா, ஆகாயத்துல" என்றாள். மறுவாரம் அதைப் போய்ச் சொன்னதில் எனக்குக் கறிவேப்பிலை வழக்கத்தைவிடக் கை நிறையக் கிடைத்தது.

நானும் விமானத்தில் ஏறியிருக்கிறேன். ஒரே தடவைதான், மதுரையிலிருந்து சென்னைக்கு. ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கீழே கண்மாயெல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரிக் கிடந்தது. பயமா அப்பத்தா என்று கேட்டாள். பயமில்லை, காதுதான் அடைக்கிறது என்றேன். குமுளி மலை ஏறும்போதும் பஸ்ஸில் இப்படித்தான் அடைக்கும். எனக்கு அது ஒன்றும் புதுசில்லை.

எங்கே விட்டேன்? ஆமாம், பொங்கல்.

அந்த லீவுக்குப் பேத்தி வந்தபோது அவளிடம் படிக்கிற பையன் ஒருவனும் அதே விமானத்தில் ஊருக்கு வந்திருந்தான். பையன் என்றால் சின்னப் பையனில்லை, காலேஜ் எல்லாம் முடித்தவன், மீசை வைத்தவன். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற குடும்பம். சர்ச்சுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காததால் பொங்கலுக்கு வந்திருந்தான். எங்கள் வீடு கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் போகிற ரோட்டில், திராட்சைப் பந்தலுக்கு நடுவே இருக்கிறது. போடியிலிருந்து தினமும் மத்தியானத்துக்குமேல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவருவான். அவன் வந்து போன பிறகும் வீடு மணந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் அவன் என் பேத்தியை மேடம் மேடம் என்று கூப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "ஏலே, இங்கன என்ன மேடம்? அக்கான்னு கூப்புடு" என்றேன்.

"அங்கன போயி வாய் தவறி அக்கான்னு கூப்புட்டுட்டா மத்த பசங்க சிரிப்பாங்க ஆத்தா" என்றான்.

"சிரிச்சா நீயும் சிரி."

அவன் கடைசிவரைக்கும் மேடம் என்றுதான் கூப்பிட்டான். நல்ல பிள்ளை, ஆனால் சொன்னால் கேட்கிற பிள்ளை இல்லை.

தினமும் எதற்கு வருகிறான் என்று பேத்தியிடம் கேட்டேன். காபி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்து எனக்கு விளக்கமாகச் சொன்னாள். அவனுக்குக் கண்ணில் ஒரு குறை. பார்வையெல்லாம் கூர்மைதான். நிறம் மட்டும் நமக்குத் தெரிகிற மாதிரி அவனுக்குத் தெரியாது. பச்சையும் சிவப்பும் வெளுப்பும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்கும். அதனால் டாக்டர் சர்டிபிகேட்டில், பகலில் மட்டும் ஓட்டலாம், ராத்திரியில் ஓட்டக்கூடாது, விளக்கு சிக்னலைப் பார்த்து ஓட்டக்கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டார்கள். அப்படி வரி எழுதப்பட்ட பிள்ளைகள் அவளிடம் வேறு சிலரும் படிக்கிறார்களாம்.

"அப்பறம் எப்புடி ஓட்டப் பழக்குற?" என்றேன்.

"பகல்ல பழக்குறேன். பொழுது சாயுறதுக்குள்ள எறக்கிருவேன். தனியா மேல போறப்ப ரேடியோ ரெண்டு குடுத்து விடுவேன். ஒண்ணு பழுதானா இன்னொண்ணுல பேசலாம்ல. ரெண்டுமே பேசலைன்னாத்தான் கீழ ஏர்போர்ட்டு கோபுரத்துல இருக்குறவுக வெளக்கு காட்டுவாக. பச்சை காட்டுனா எறங்கு. செவப்பு காட்டுனா எறங்காத. தரையில ஓடுறப்ப வெள்ளை காட்டுனா, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பிப் போ."

"அந்த வெளக்குதான் இவனுக்குத் தெரியாதாக்கும்."

"அதைத்தான் பாக்கணும். அதுக்கு ஒரு பரிட்சை இருக்கு அப்பத்தா. ஆபீசர் பக்கத்துல நிப்பாரு. கோபுரத்துல இருந்து வெளக்கு காட்டுவாக. சரியாச் சொல்லிட்டான்னா அந்த வரிய எடுத்துருவாக. பெரிய விமானத்துக்கே வேலைக்குப் போகலாம். தப்பாச் சொல்லிட்டா அந்த வரி ஆயுசுக்கும் நிக்கும். ரெண்டாம் தடவை கெடையாது."

லீவு முடிந்து திரும்பிப் போனதும் அவனுக்கு அந்தப் பரீட்சை. அதற்குப் பழகத்தான் வந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு இப்படி என்று வீட்டில் எப்படித் தெரிந்தது என்று அவனிடமே கேட்டேன். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சின்ன வயசில் அவன் அப்பா, ஏலத்துக்கு மாதிரி காட்ட நல்ல பச்சைக் காயாகப் பொறுக்கி வை என்று சொல்லியிருக்கிறார். இவன் பச்சைக் காயையும் வெளிறின காயையும் சேர்த்துப் பொறுக்கிப் பாங்காகத் தட்டில் பரப்பி வைத்துவிட்டான். பெரிது பெரிதாகப் பார்த்து எடுத்திருக்கிறான், நிறத்தில் கோட்டை விட்டுவிட்டான். வாங்க வந்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்த வருசம் ஏலக்காய் பாதியிலயே நரைச்சிருச்சா?" என்று கேட்டார்களாம்.

"எங்கப்பா இப்பவும் அதைத்தான் சொல்றாக ஆத்தா. ஏலக்காய்ல தெரியாத பச்சை ஏரோப்ளேன்ல மட்டும் தெரிஞ்சிரப் போகுதாக்கும்னு. பரிட்சைல போச்சுன்னா பேசாம கடைக்கு வந்து கல்லாவுல உக்காருன்னுருக்காக."

"உக்காந்தா என்ன?"

"மணக்குற தொழில்தான். ஆனா மேல போயிப் பாத்துட்டேனே" என்றான்.

எனக்கு அவன்மேல் ஒரு பிரியம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு எழுத்து தெரியாதா, நான் எல்லாவற்றையும் நிறத்தை வைத்துத்தான் பிடிப்பேன். காலையில் போடுகிற மாத்திரை ரோஸ் அட்டை, ராத்திரிக்கு நீல அட்டை. தேனி போகிற பஸ்ஸா, குமுளி போகிற பஸ்ஸா என்று போர்டைப் பார்க்காமல் வண்டியின் பட்டையைப் பார்ப்பேன். ஒருநாள் மாத்திரை டப்பா கீழே கொட்டிவிட்டது. ரோஸ் அட்டையை எடுத்துக் கொடு என்று அவனிடம் சொன்னேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "பேரு என்ன ஆத்தா?" என்றான். பேரைக் கண்டேனா நான்? இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கடைசியில் மருமகள் வந்து எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு இரண்டும் தெரியும். (இதை எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு.)

பழகுகிற விதம் இப்படி. பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒருவர் நின்று டார்ச் லைட் அடிக்க வேண்டும். பையன் திராட்சைப் பந்தலைத் தாண்டி வாய்க்கால் கரையில் போய் நிற்பான். வெளிச்சத்தைப் பார்த்து என்ன நிறம் என்று போனில் சொல்ல வேண்டும். பேத்தி மூன்று டார்ச் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் வாயில் பச்சைக் கண்ணாடி, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் சும்மா. முதலில் அவளே அடிப்பதாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே பொழுது சாய்கிறபோது அங்கே விடிகிறதாம். அங்கிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டியிருந்தது.

"நான் அடிக்கிறேன்" என்றேன்.

"அப்பத்தா, படியேறணும்."

"வத்தல் காயப்போட நான் ஏறாம யாரு ஏறுறா?"

வேலை எனக்கு வந்தது. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் எனக்கு அதில் ஒரே சந்தோஷம். சாயங்காலம் முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு மேலே போய்விடுவேன். எதிரே வாய்க்கால் கரையில் அவன் சுண்டு விரல் உயரத்துக்கு நிற்பான். மலைப் பக்கம் காற்று வரும். எனக்கு எழுதத் தெரியாது என்பதால் கணக்குக்கு ஒரு வழி பண்ணிக்கொண்டேன். சரியாகச் சொன்னால் சொம்பில் ஒரு புளியங்கொட்டை போடுவேன், தப்பாகச் சொன்னால் ஒரு கல். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிடுவேன்.

"பாத்துக்கிட்டியா சாமி?"

"பாத்துட்டேன் ஆத்தா. பச்சை."

ஒரு புளியங்கொட்டை.

"இது?"

"செவப்பு."

இன்னொரு புளியங்கொட்டை. இப்படியே போகும். முதல் நாள் இரண்டு மூன்று கல் விழுந்தது. அப்புறம் கல்லே இல்லை. சொம்பு நிறையப் புளியங்கொட்டை. நான் அதைப் பேத்தியிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாத்தியா, ஒன் கண்ணு டாக்டரு என்னத்தக் கண்டாரு" என்றேன். பந்தலில் வேலை செய்கிற பெண்களிடமும் சொன்னேன். என் மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். பிள்ளை பாஸ் பண்ணிவிட்ட மாதிரியே எனக்கு இருந்தது.

பேத்திக்கு மட்டும் முகம் தெளியவில்லை. சொம்புக்குள் கையை விட்டு அலசிப் பார்த்தாள்.

"ஒரு கல்லுகூட இல்லையே அப்பத்தா."

"இல்லாம இருந்தா நல்லதுதான?"

"இவன் கண்ணுக்கு ஒண்ணு ரெண்டாச்சும் தப்பு வரணும். வரலைன்னா அவன் வெளக்கைப் பாக்கலை, வேற எதையோ பாக்குறான்."

மறுநாள் கம்ப்யூட்டர் பாடத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளும் வாய்க்கால் கரைக்குப் போனாள். அவன் பக்கத்தில் நின்றாள். நான் வழக்கம்போல் காட்டினேன், அவன் வழக்கம்போல் சொன்னான். கொஞ்ச நேரம்தான். பேத்தி பந்தலுக்குள் குனிந்து குனிந்து விறுவிறுவென்று வீட்டுக்கு வருவதைப் பார்த்தேன். மேலே ஏறி வந்து மூச்சு வாங்கினாள்.

"அப்பத்தா, பச்சை வெளக்கை எந்தக் கைல எடுக்குறீக?"

யோசித்துப் பார்த்தேன். "வலது கைலதான்."

"செவப்பு?"

"எடது கை."

"வெள்ளை?"

"ரெண்டு கையாலயும் பிடிப்பேன்."

"எல்லா நாளுமா?"

எல்லா நாளும்தான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் நினைத்துப் பண்ணவில்லை, கை தானாகப் போயிருக்கிறது. அவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் பச்சை வரும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு பக்கம் எழும்புகிறது, சிவப்பு வரும்போதெல்லாம் மறு பக்கம், வெள்ளை என்றால் நடுவில். நிறம் தெரியாதவனுக்கும் இது தெரியும்தானே.

"சரி, நாளைல இருந்து கைய மாத்தி மாத்திக் காட்டுங்க. பச்சைய எடது கைலயும் எடுங்க" என்றாள்.

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

"நீதான சொன்ன, பச்சைன்னா வந்து எறங்குன்னு அர்த்தம்னு. வர்ற பிள்ளைய எடது கையக் காட்டி வான்னு கூப்புடுவாகளா? வெளங்குமா?"

"அப்பத்தா, இது வெறும் டார்ச் லைட்டு."

"நீ இந்த வீட்டுக்கு வர்றப்ப நான் எந்தக் கையால ஆலாத்தி எடுத்தேன்? அதுவும் வெறும் தட்டுதான்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் படித்த படிப்புக்கு அது மூடநம்பிக்கைதான். எனக்கும் அது தெரியும். ஆனால் தெரிகிறது வேறு, கை போகிறது வேறு. கீழே இருந்து மருமகள், "அத்தை அந்த விசயத்துல எறங்கி வர மாட்டாக, நீ வேற வழி பாரு" என்று குரல் கொடுத்தாள்.

வேறு வழியையும் பேத்தியே பார்த்தாள். துணி காயப்போடுகிற கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, நடுவே டார்ச்சின் வாய் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஓட்டை போட்டாள். (நல்ல போர்வை அது என்று மருமகள் இப்போதும் சொல்கிறாள். எழுதிக்கொள் என்றேன்.) நான் போர்வைக்குப் பின்னால் நின்று மூன்று டார்ச்சையும் ஒவ்வொன்றாக என் வலது கையாலேயே அந்த ஓட்டையில் வைத்துக் காட்ட வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்றைக்குத்தான் கல் விழ ஆரம்பித்தது.

சிவப்பை ஓரளவு சொன்னான். பச்சைக்கும் வெள்ளைக்கும்தான் தடுமாறினான். பச்சை காட்டினால் வெள்ளை என்பான், வெள்ளை காட்டினால் பச்சை என்பான். போனில் அவன் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு கல்லும் சொம்பில் விழும்போது சத்தம் கேட்கும். அது அவனுக்கும் போன் வழியாகக் கேட்டிருக்கும் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. புளியங்கொட்டை விழுந்தால் அவ்வளவு சத்தம் வராது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். மருமகள் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டில் வைத்ததை அவன் தொடவில்லை. பேத்தி எதிரே பலகையில் உட்கார்ந்தாள்.

"அப்பத்தா கைய வச்சுத்தான் நீ சொல்றன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"மொத நாளு தெரியாது மேடம். அப்பறம் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"ஆத்தா புளியங்கொட்டை போடுறப்ப அம்புட்டு சந்தோசமா இருந்தாக. எனக்கும் சரியாச் சொல்றது நல்லாருந்துச்சு." அப்புறம், "சின்னதுல இருந்து இப்புடித்தான மேடம். தேனில சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். நான் நிறத்தை என்னைக்குப் பாத்தேன்" என்றான்.

"ரோட்டுல அது போதும். ஆகாயத்துல ஒத்த வெளக்குதான். மேல கீழ கெடையாது. பரிட்சைல எங்க அப்பத்தாவும் வந்து நிக்க மாட்டாக."

அதற்கு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் அவளைப் பார்த்து, "நீ விட்டுரு புள்ள. அங்கனயும் எப்புடியாச்சும் ஒரு குறிப்பு கெடைக்காமயா போகும்" என்றேன். வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

பேத்தி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "நீ தனியா மேல போறப்ப நான் கீழ நின்னு பாத்துக்கிட்டுருப்பேன். நீ எதைப் பாக்குற, எதைப் பாக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் நிம்மதியா நிக்க முடியும். தப்பாச் சொல்றது எனக்குப் பயமில்லை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுதான் பயம். இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"தெரியலைன்னு சொன்னா பரிட்சைல போயிருமே மேடம்."

"போனா போகட்டும். பகல் இருக்கு."

அவன் பணியாரத்தைப் பிட்டான். பிட்டான் என்றால் மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மருமகள் உடனே இன்னும் நாலு போட்டாள்.

அதற்கப்புறம் லீவு முடிகிறவரை தினமும் பழகினோம். இப்போது என் கணக்கில் ஒரு சிக்கல். சரி என்றால் புளியங்கொட்டை, தப்பு என்றால் கல், தெரியலை என்றால் எதைப் போடுவது? யோசித்துவிட்டு அவன் கொண்டுவந்த ஏலக்காயில் ஒன்றைப் போட்டேன். முதலில் அவன் அவசரப்பட்டுச் சொல்லிக் கல் வாங்கினான். அப்புறம் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டான். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கொஞ்சம் குத்துமாம், பச்சை குத்தாமல் மழுங்கலாக இருக்குமாம். அதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். கல் குறைந்தது. ஆனால் காற்றில் புழுதி இருக்கிற நாளில், வெயில் இன்னும் மிச்சமிருக்கிற நேரத்தில், அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியலை ஆத்தா" என்பான். முதல் தடவை அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நான் போர்வைக்குப் பின்னால் கை வலிக்க நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஏலக்காயை எல்லாம் தட்டி அன்றன்றைக்கே டீயில் போட்டுவிடுவேன். தெரியலை அதிகமான நாளில் டீ நன்றாக இருக்கும். அதை அவனிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கும் நல்லா மணக்கும் ஆத்தா" என்றான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. அவரும் மாடிக்கு வந்து என் பக்கத்தில் நின்று மகன் சொல்லுகிறதைக் கேட்டார். நான் பச்சையைக் காட்டினேன். கரையிலிருந்து சத்தமே இல்லை. அப்புறம், "தெரியலை ஆத்தா" என்று வந்தது.

"இதுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பாடு" என்றார் அவர் என்னிடம் மெதுவாக. "கடை இருக்கு. ஏலக்காய்ல மூக்கை வச்சே அவன் ரகம் சொல்லிருவான்."

"மூக்கு கீழதான இருக்கு. அவன் மனசு மேல இருக்கே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டீயை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். ஏலக்காய் யாருடையது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன்.

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் கால் தானாக மாடிப்படிக்குப் போகும். போர்வை கொடியிலேயே கிடந்தது. பரீட்சை அன்றைக்கு நான் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளை சர்ச்சுக்குப் போகிறவனாயிற்றே என்று நினைத்து, ரோட்டோரத்தில் மாதா சிலை வைத்த கெபியில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும்.

பேத்தி போன் பண்ணினாள். முகம் தெரிகிற போன். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"பாஸாகலை அப்பத்தா."

சிவப்பெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டானாம். பச்சையும் சொல்லியிருக்கிறான். கடைசியில் ஒரு விளக்கு. நல்ல வெயில். அவன் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். சும்மா ஒன்றைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சரியாகக்கூட இருந்திருக்கும். அவன் ஆபீசரிடம் திரும்பி, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டானாம். அந்த ஆபீசர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனுக்குக் கை கொடுத்தாராம். அந்த வரி இனி ஆயுசுக்கும் அப்படியே நிற்கும்.

"அவன் என்ன சொன்னான்?"

"மறுநாள் காலையில வழக்கம்போல வந்து, இன்னைக்குத் தனியாப் போகட்டுமா மேடம்னான். போன்னேன்."

"ரெண்டு ரேடியோ குடுத்தியா?"

"குடுத்தேன் அப்பத்தா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அவன் எதைச் சொன்னாலும் நான் நம்பி அனுப்புவேன்."

அவன் என்னோடு பேசியது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. லைசென்ஸ் வாங்கிவிட்டான். பெரிய விமானம் கிடையாது. அந்த நாட்டில் மைல் கணக்கில் தோட்டம் இருக்கிறதாம், அதற்கு மேலே சின்ன விமானத்தில் பறந்து படம் பிடிக்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கே நோய் விழுந்திருக்கிறது, எங்கே தண்ணீர் பாயவில்லை என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம். பயிர் பச்சையாக இருக்கிறதா, பழுத்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வாய் என்று நான் கேட்டேன். "அது கேமரா சொல்லும் ஆத்தா, நான் ஓட்டுனா மட்டும் போதும்" என்றான். அவன் அப்பா போடி பஜாரில், என் மகன் பகல் பைலட் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதாகவே பஜாரில் எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தான்.

"ஏலே, ஒன் டாக்டர் சர்டிபிகேட்டுல அந்த வரி அப்புடியேதான் இருக்கா?"

"அப்புடியே இருக்கு ஆத்தா. பொழுது சாயுறதுக்குள்ள எறங்கிறணும். எறங்கலைன்னா சட்டப்படி குத்தம்."

எனக்கு அதில் என்ன குறை என்று புரியவே இல்லை. நான் பெற்றதுகளுக்கெல்லாம் அதைத்தான் படித்துப் படித்துச் சொன்னேன், ஒன்றுகூடக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு அதை அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

"நல்ல சட்டந்தான். அப்ப ராத்திரிக்கு என்ன செய்யுவ?"

"தூங்குவேன் ஆத்தா."

"தூங்கு சாமி" என்றேன்.